ஆஷ்லிங்போர்ட்டின் ஓடம்

ஆஷ்லிங்போர்ட் என்ற ஊரை வல்லிபுரம் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த ஊரில் சந்தை கூடுவது எந்தக் கிழமை, ரொட்டிக்கடை எத்தனை கை மாறியது, 1894 இல் ஆற்றுவெள்ளம் தேவாலயச் சுவரில் எத்தனை அடி ஏறியது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். எல்லாவற்றையும் மூன்று தடவை டைப் அடித்தவனல்லவா. பஹ்ரேனில், மனாமாவில் ஒரு கட்டடக் கம்பனியில் அவன் கிளார்க். மானேஜர் பெல்லமி இங்கிலாந்துக்காரர், கலியாணம் செய்யாதவர். தான் பிறந்த ஆற்றங்கரை ஊருக்கு ஒரு சரித்திரம் எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த தமக்கை பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துக் கிழமைக்கொரு கடிதம் போடுவார். மெல்லிய நீலக் கடிதம் வந்தால் சுகசெய்தி. உறை தடித்திருந்தால் திருத்தம். வல்லிபுரம் ஒரு அத்தியாயத்தை முதலிலிருந்து திரும்ப அடிக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் லீவு பிந்தி ஐந்து மாதமாகிவிட்டது. பாஸ்போர்ட் பெல்லமியின் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. "புத்தகம் முடியட்டும், வல்லிபுரம். என் கையெழுத்தை வாசிக்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வார். கெட்ட மனிதர் என்றால் திட்டியாவது ஆறலாம். இவரோ மகளுக்குக் கொடு என்று சொக்லட் பெட்டி வாங்கித் தருகிறவர். ஐந்து பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடந்து உருகின.

அந்தச் சரித்திரத்தில் வல்லிபுரத்துக்குப் பிடித்தது நான்காம் அத்தியாயத்தில் வரும் ஓடம். பாலம் கட்டுவதற்கு முந்திய காலத்தில் அக்கரையில் ஒரு மணி தொங்கியதாம். யார் வந்து அடித்தாலும், மழையோ பனியோ, ஓடக்காரன் இக்கரையிலிருந்து துடுப்புப் போட்டுக்கொண்டு போய் ஏற்றிவர வேண்டுமாம். முந்நூறு வருஷத்துச் சட்டம். அந்தப் பக்கத்தை மட்டும் அவன் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தான்.

1987 அக்டோபர் இரண்டாம் கிழமை, புத்தகம் முடிந்தது என்று பெல்லமி அறிவித்தார். வியாழக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே லீவுப் படிவத்தில் கையெழுத்து. அதே கிழமை யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியிருந்தது. ஊரடங்கு, ஷெல்லடி என்று ரேடியோ சொன்னது. அங்கே கோண்டாவிலில் மனைவி சிவகொழுந்தும் மகளும் தனியே. அவளுடைய கடைசிக் கடிதம் வந்து ஒரு மாதம். கொழும்பில் போய் இறங்கிவிட்டால் மிச்சத் தூரம் நடந்தாவது போய்ச் சேரலாம் என்று அவன் நினைத்தான்.

புதன்கிழமை தபால் பெட்டியைத் திறந்தபோது தமக்கையின் கடிதம் கிடந்தது. உறை நன்றாகத் தடித்திருந்தது. வல்லிபுரம் அதைத் தன் மேசை லாச்சியில், கார்பன் தாள்களுக்கடியில் வைத்துப் பூட்டினான்.

வியாழக்கிழமை பெல்லமி பேனையைத் திறந்தார், மூடினார். "மேரியின் கடிதம் இந்தக் கிழமை வரவில்லையே. அவள் தவறவிட்டதே இல்லை. சனிக்கிழமை வரை பார்ப்போம்." படிவம் மேசையிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை, குதைபியாவில் அவன் தங்கியிருந்த அறையில் ரேடியோ இரண்டு செய்தி சொன்னது. யாழ்ப்பாணத்தில் சண்டை ஓயவில்லை. இங்கிலாந்தின் தெற்கில், ஆஷ்லிங்போர்ட் இருக்கும் பக்கம், விடியப்புறம் பெரும்புயல். மரங்கள் சாய்ந்து டெலிபோன் கம்பிகள் அறுந்து கிடக்கின்றன. சோற்றைப் பிசைந்தபடி வல்லிபுரம் கடிதத்தின் கதையைச் சொன்னான். அறைத் தோழன் இராஜரத்தினம் கையைக் கழுவிவிட்டு வந்து அமர்ந்தான்.

"நீர் என்ன விசர் வேலை பாத்திருக்கிறீர்? அந்தாளுக்கும் இருக்கிறது ஒரு அக்காதானே."

"குடுத்தா திரும்பவும் முதல்ல இருந்து அடிக்கச் சொல்லுவார், ரத்தினம். பிறகு நான் எப்ப போறது?"

"குடுக்காட்டி மட்டும் விடப்போறாரோ?"

வல்லிபுரத்துக்குத் தன் கெட்டித்தனமே தன்னைப் பூட்டிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை பெல்லமி சவரம் செய்யாத முகத்தோடு டெலிபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சுழற்றுவார், காதில் வைத்துக் கேட்பார், வைப்பார், மறுபடி சுழற்றுவார். "வீடு ஆற்றோரம். தனியாக இருக்கிறாள். இந்தக் கிழமைக் கடிதமும் வரவில்லை. புயலுக்கு முன்னமே ஏதாவது..." என்று நிறுத்தினார். வல்லிபுரம் அந்தக் கிழமை முழுவதும் டெலிபோன் நிலையத்தில் வரிசையில் நின்று, யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்காமல், இப்படித்தான் ஒன்றும் பேசாத ரிசீவரைக் காதில் வைத்திருந்தான். அதற்கு மேல் அவனால் பார்க்க முடியவில்லை. போய் லாச்சியைத் திறந்தான்.

"இப்போதுதான் வந்தது, சேர்."

எப்போது வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. உறையைக் கிழித்தார். ஆறு தாள்கள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. வாசிக்க வாசிக்கக் கண் கலங்கி, பிறகு உரக்கச் சிரித்தார். "திட்டுகிறாள்! நான்காம் அத்தியாயம் முழுக்கத் தவறாம்!" கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். புயலுக்கு முன்பு எழுதியதுதான். இருந்தாலும் அது அவளுடைய கையெழுத்து. வல்லிபுரத்துக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது.

"சேர், என்னுடைய லீவு?"

"இந்த ஒரு அத்தியாயம்தான். டெலிபோன் கிடைக்கும்வரை என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, வல்லிபுரம். இன்றைக்கு நீ என்னோடு இரு." ஆறு தாள்களையும் லீவுப் படிவத்தின் மேல் வைத்து நீட்டினார். பிறகு ஏதோ நினைத்தவராய் படிவத்தை மட்டும் உருவித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

வல்லிபுரம் தன் மேசைக்கு வந்தான். இரண்டு தாள்களுக்கிடையே கார்பனைச் சொருகி மெஷினில் ஏற்றினான். முதல் திருத்தமே ஓடத்தைப் பற்றியது. பதிவேட்டில் தேடிப் பார்த்ததில், அந்தச் சட்டம் ஊர்க்காரருக்கு மட்டும்தானாம். வெளியூரான் எத்தனை தடவை மணியடித்தாலும், ஓடக்காரன் தானாக வரும்வரை கரையிலேயே நிற்க வேண்டியதுதானாம்.

பழைய பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் அடிக்கத் தொடங்கினான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெல்லமி மறுபடி எண்ணைச் சுழற்றும் சத்தம் கேட்டது. வரி முடியும் இடத்தில் டைப்ரைட்டரின் சின்ன மணி கிணுங்கியது. அவன் உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினான். அது முடியும்போதும் மணி கிணுங்கியது.