பவுலினுக்கு ஒரு வார்த்தை

பிரேசர் டவுன் மாதா கோவில் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை பாட்டுக் கச்சேரி நடக்கும். மேடையேறுகிற ஒவ்வொருவரையும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்துவது அங்கே வழக்கம். வார்த்தை கொடுக்கிறவர் ஓஸ்வால்ட். பகலில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாற்பத்தேழில் வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது சமையல்காரர், டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்த சர்டிபிகேட்டுகளை டைப் அடித்து அடித்தே அந்த வார்த்தைகள் அவருக்கு அத்துப்படி. மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை.

ஆரம்பத்தில் ரொம்பக் கறாராகத்தான் இருந்தார். கைப்பழக்கத்தில் வருவது ‘நாக்’. முரண்டு பிடிக்கிற ஸ்டவ்வை ஒரே தீக்குச்சியில் ஏற்றுகிறவனுக்கு அது போதும். நடை உடையில் தெரிவது ‘ஸ்டைல்’; பாடவே வராதவனுக்கும் கொடுக்கலாம். பாடுபட்டால் மெருகேறுவது ‘டேலன்ட்’. யாரும் சொல்லித்தராமல் தானாக வருவது ‘ஃப்ளேர்’. ‘கிஃப்டட்’ மட்டும் ஆண்டவரே கையில் கொடுத்து அனுப்பியது. அதை அவர் யாருக்கும் தருவதாக இல்லை.

வினை டொமினிக்கின் அம்மா ரூபத்தில் வந்தது. மகனின் மவுத் ஆர்கனுக்கு ‘நாக்’ என்று சொல்லிவிட்டாராம். என் பிள்ளை என்ன ஸ்டவ்வா பற்றவைத்தான் என்று கோவில் வாசலிலேயே கேட்டுவிட்டாள். ஓஸ்வால்டுக்கு மானமே போய்விட்டது. அடுத்த மாதம் ‘டேலன்ட்’ என்றார். ஏற்கெனவே ‘டேலன்ட்’ வாங்கியிருந்த நோரா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சரி, அவளுக்கு ‘ஃப்ளேர்’. இப்படி ஆளுக்கொரு படி ஏற்றப்போய், கடைசியில் ஹாலில் ‘கிஃப்டட்’ ஆகாத ஆளே இல்லை. பால் திரிந்த கடுப்பில் இருந்த டீக்காரர் பச்சைமுத்துவைக்கூட, சமாதானப்படுத்த வேண்டி, மைக்கில் ‘கிஃப்டட்’ என்று சொல்லித் தொலைத்தார்.

ஒரு வார்த்தையும் கிடைக்காதவள் அவர் மனைவி பவுலின் மட்டும்தான். அந்த ஹாலில் நிஜமாகவே பாடத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஓஸ்வால்டுக்கும் அது தெரியும். ஆனால் சொந்தப் பெண்டாட்டியைச் சபையில் புகழ்வது கேவலம் என்று நினைப்பு. ‘நெக்ஸ்ட், மை வைஃப்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஈஸ்டர் கச்சேரிக்கு முந்தின நாள், அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே பவுலின் சொன்னாள், இந்தத் தடவையும் ‘மை வைஃப்’தான் என்றால் இனிமேல் பாடப்போவதில்லை என்று. கத்தவில்லை. கத்தாமல் சொன்னதை அவள் ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

மறுநாள் மைக்கைப் பிடித்து, “பவுலின். கிஃப்டட்” என்றார். ஹால் கை தட்டியது. பச்சைமுத்துவுக்குத் தட்டினார்களே, அதே தட்டல். முன்வரிசையில் ஒருவர் தட்டிக்கொண்டே கொட்டாவி விட்டார்.

பவுலின் மேடைப் படியிலேயே நின்றுவிட்டாள். ஓஸ்வால்ட் மைக்கைக் கையால் பொத்தினார்.

“பச்சைமுத்துக்குச் சொன்னதுதானே இது?” என்றாள்.

“அவருக்குச் சொன்னது பொய், பவுலின்.”

“நோராவுக்கு?”

“அதுவும்தான். உனக்குச் சொன்னது மட்டும் நெஜம்.”

“அத எங்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? அவங்ககிட்ட சொல்லுங்க.”

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தினம் பார்த்து ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டிய முகங்கள். ஓஸ்வால்ட் அந்த முகங்களை ஒருதரம் பார்த்தார். மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

“இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வாபஸ். டொமினிக், நாக். நோரா, டேலன்ட். பச்சைமுத்து டீ நல்லா இருக்கும், அவ்வளவுதான். கிஃப்டட் இவ ஒருத்திதான்.”

டொமினிக்கின் அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பங்குச் சாமியார் கூரையைப் பார்த்தார். கச்சேரி நடத்தும் சங்கத்தின் செயலாளர் தியோடர் மேடைக்கு வந்து, மரியாதையாக மைக்கை வாங்கிக்கொண்டு, போய் உட்காரும்படி சொன்னார். இனி அந்த வேலை தனக்கில்லை என்பது ஓஸ்வால்டுக்குப் புரிந்தது.

பவுலின் பாடினாள். அவள் பாடும்போதெல்லாம் அவர் திரைக்குப் பின்னால் அடுத்த ஆளுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருப்பார். முழுப் பாட்டையும் கேட்டது அன்றைக்குத்தான்.

பாட்டு முடிந்தது. ஹாலில் ஒருத்தரும் கை தட்டவில்லை, அவ்வளவு கோபம். ஓஸ்வால்ட் மட்டும் எழுந்து நின்று தட்டினார். கண்ணில் தண்ணீர் வழிவதைத் துடைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். பவுலின் அவருக்கு மட்டும் தலை குனிந்து வணங்கிவிட்டு, தியோடரைக் கேட்காமலே அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.