மாப்பிள்ளைக்கு ஒரு குளியல்

ஆட்டுப் பட்டியைக் காத்த அந்த நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அவள்தான். கன்றுக்குட்டி அளவு உடம்பை வைத்துக்கொண்டு பகலெல்லாம் பட்டியின் நடுவில் ஆடுகளோடு ஆடாகக் காலை நீட்டிப் படுத்திருப்பான். சாப்பாடு கொண்டுபோனால் பெரிய உபகாரம் செய்கிறவன்போல எழுந்து வருவான்.

முடி அலங்காரக் கடையில் வேலை பார்த்தவள், ஆட்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். ஆட்டு வாடை அவளுக்குக் குமட்டும். ஆடுகளும் சளைத்தவை அல்ல. அவள் சோப்பு மணக்க உள்ளே நுழைந்தால் மந்தையே வேலியோரம் ஒதுங்கிவிடும்.

ஒருநாள் அந்தி மயங்கும் நேரம், பட்டியில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவள் எதிரே ஓநாய் வந்து நின்றது. மாப்பிள்ளை எழுந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றான். பாயவும் இல்லை, துரத்தவும் இல்லை. ஓநாய் கடித்துக் காது கிழிந்தும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்குள் கணவன் தடியோடு ஓடிவந்தான். ஓநாய் தப்பி ஓடியது. ஓங்கிய தடி நாயின் மண்டைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"வெள்ளை நாயா பாத்துப் பாத்து அந்தக் காலத்துல வளத்ததே இதுக்குத்தான்," என்றான் அவன். "இருட்டுல ஓநாய்னு நெனச்சு நாமளே அடிச்சிடக் கூடாதுன்னு. இவன் இருக்கிற அழுக்குல எனக்கு ஒண்ணும் தெரியல."

அது அவள் மனதில் தைத்துவிட்டது. காயம் ஆறியதும், கணவன் தீவனம் வாங்கப் போன நேரத்தில், தன்னிடமிருந்த நல்ல ஷாம்பூவை எடுத்தாள். நன்றிக்கடனாயிற்றே, கஞ்சத்தனம் காட்டவில்லை. மாப்பிள்ளையும் பொறுமையின் மறு உருவாக நின்றான். கடைசியில் பளீரென்று வெள்ளை வெளேரென்று வந்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பட்டிக்குள் விட்டாள். அவ்வளவுதான், ஆடுகள் தலைதெறிக்க ஓடின. சினையாடுகள் வேலியில் மோதின. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் வெளியே வந்து படுத்துக்கொண்டான்.

திரும்பி வந்த கணவன் தலையில் கைவைத்தான். "குட்டியிலேருந்து ஆட்டுக் கொட்டில்லயே வளந்தவன். அந்த வாசனைதான் அவனுக்கு அடையாளம். இப்ப அதுங்களுக்கு அவன் யாரோ. ஓநாய் இன்னும் இந்தப் பக்கந்தான் சுத்துது. இருட்டுறதுக்குள்ள இவன் உள்ள போகலேன்னா ஆடுகளை மறந்துட வேண்டியதுதான்."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆடுகள் படுத்த ஈர வைக்கோலையும் புழுக்கையையும் இரண்டு கையாலும் அள்ளினாள். தலைமுடிக்குச் சாயம் பூசுவதுபோல, மாப்பிள்ளையின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, வேர்க்கால்வரை தேய்த்தாள்.

"தலையையும் வாலையும் விட்டுடறேன்," என்றாள். "உங்க தடிக்குத் தெரியணுமே."

மாப்பிள்ளை உள்ளே போனான். கிழட்டு ஆடு ஒன்று கழுத்தை நீட்டி மோந்தது, ஏற இறங்கப் பார்த்தது, பிறகு அவன் விலாவில் சாய்ந்து அசைபோட ஆரம்பித்தது. மற்றவையும் வந்தன.

பின்னாலேயே போன அவள் அப்போதுதான் கவனித்தாள். தன்னைப் பார்த்தும் ஒரு ஆடுகூட நகரவில்லை. மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கிழிந்த காதைத் தடவினாள். "என் உயிரைக் காப்பாத்தினே, இதுங்ககிட்ட என்னையும் சேத்துவிட்டுட்டே," என்றாள். கண் கலங்கிவிட்டது.

"வெந்நீர் வெச்சிருக்கேன், குளிச்சிட்டு வா," என்று கணவன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள் அவள். "குளிச்சா மறுபடியும் யாரோ ஆயிடுவேன்."