பத்து வருட விலாசம்

கடந்த பத்து வருடங்களில் நான் எங்கெங்கே குடியிருந்தேன் என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. இருபத்தெட்டு நாளுக்குள் பதில் போக வேண்டும். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பதே எனக்கு நினைவில் நிற்காது.

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023இல் அறிவித்ததும் ஓடிப்போய் விண்ணப்பம் போட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த நீளமான படிவம். வதிவிடம் கிடைத்தால்தான் வவுனியாவில் இருக்கும் மனைவி சுஜீவாவையும் மகளையும் கூப்பிட முடியும். நான் படகேறும்போது நிவேதிகாவுக்கு எட்டு மாதம். படிவம் வந்தபோது பதினொரு வயது. "அப்பா, எங்களை எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்பதை அவள் நிறுத்தி அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. எனக்குப் பயமே அதுதான்.

சிட்னியில் நான் இருந்த வீடுகள் பதினொன்றோ பதின்மூன்றோ. ஆறு பேர் சேர்ந்து இருப்போம், வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். வீட்டுக்காரர் வீட்டைவிட்டு எழுப்பினால் மெத்தையையும் ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். மஞ்சள் கேற் வீடு, நாய் குரைக்கிற வீடு, மழை ஒழுகின வீடு என்று கேட்டால் எனக்கு எல்லாம் தெரியும். அரசாங்கப் படிவத்தில் நாய் குரைக்கிற வீடு என்று எழுத முடியுமா?

விலாசமெல்லாம் சரியாகத் தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். அவரிடம் போகத்தான் கால் வரவில்லை.

கேதீஸ்வரன் அண்ணையும் நானும் ஒரே படகு. வில்லாவுட் தடுப்பு முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வெளியே வந்த பிறகும், நான் பிளாக்டவுனுக்குத் தனியாகப் போகும் வரைக்கும் ஒரே வீடுகள். விசா நேர்முகத்தில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் நான் டக்டக்கென்று பதில் சொன்னேன். தேதி நினைவில்லாத இடத்தில் வாயில் வந்த தேதியைச் சொன்னேன். அண்ணை தெரியாததைத் தெரியாது என்றார். சொன்ன ஒரு தேதி பிழையென்று மறுநாள் தானே எழுதித் திருத்தினார். எனக்கு விசா கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. மேன்முறையீடும் தோற்றுப்போனது. சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசாவில் இருக்கிறார், வதிவிடத்துக்கு அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள், கோபம் வரும்.

ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது பென்டில் ஹில்லில் அவருடைய அறைக்குப் போனேன். படிவத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு நாள் தந்திருக்கிறாங்கள். பத்தொன்பது நாளும் என்னடா செய்தனி?"

"உங்களிட்ட வர வெக்கமாக் கிடந்தது அண்ணை."

"அவங்கள் வெக்கத்தைக் கேக்கேல்லை, சுகிர்தன். விலாசத்தைத்தான் கேக்கிறாங்கள்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை இழுத்தார். வீடு மாறினால் அறிவிக்க வேண்டும் என்று எங்களுக்கு நிபந்தனை இருந்தது. அண்ணை ஒவ்வொரு முறையும் அந்த வாரமே கடிதம் அனுப்பி, பிரதியும் எடுத்து வைத்திருந்தார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் ஒவ்வொரு பிரதிக்குப் பின்னாலும் இன்னொரு பிரதி இருந்தது. அதில் என் பெயர், படகில் வந்தபோது எனக்குத் தந்த இலக்கம், என் கோழிக்கிறுக்கல் கையெழுத்து.

"இதெல்லாம் நான் எப்ப வைச்சனான்?"

"ரீவி பாத்துக்கொண்டு வைப்பாய். என்ன ஏதெண்டு ஒருநாளும் கேட்டதில்லை."

இரண்டு மாலை இருந்து எழுதினோம். மஞ்சள் கேற் வீட்டுக்குத் தெருப் பெயர் வந்தது. நாய் குரைக்கிற வீட்டுக்கு இலக்கம் வந்தது. இடையில் பதினொரு நாள் மட்டும் எந்த வீட்டிலும் ஒட்டாமல் நின்றது.

"முந்தின வீட்டோட சேர்த்து விடுவம்" என்றேன்.

"பொய் எழுதாதை. அந்தப் பதினொரு நாளும் கூட்டாளி தனபாலன்ர கராஜில படுத்தனாங்கள். அதை எழுது."

எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? ஆம் என்றால் அவருடைய பெயரும் விலாசமும்.

"இல்லையெண்டு போடு" என்றார் அண்ணை.

"இப்பதானே பொய் எழுதாதை எண்டனீங்கள்?"

"என்ர பேர் அவங்களிட்ட எப்பிடிக் கிடக்குதெண்டு எனக்குத் தெரியும். உன்ர பிள்ளையின்ர அலுவலுக்குள்ள அது வேண்டாம்."

நான் மறுத்துப் பேசியிருக்கலாம், பேசவில்லை. எனக்கு மகள் வேண்டும். 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அண்ணை முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்து, "சரி, பிழையொண்டும் இல்லை" என்றார். அவரைத் தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லி ஒரு படிவத்தில் ஏறிய பொய் அது ஒன்றுதான். அன்று என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

எட்டு மாதத்தில் எனக்கு வதிவிடம் கிடைத்தது. சுஜீவாவுக்கும் மகளுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. நிவேதிகா மறுபடி "எப்ப?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.

போன வாரம் அண்ணையின் விசாவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. என் பேனையை வாங்கி அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தேன். கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி. அவர் 'இல்லை'யில் சரி போடப் போனார். பேனையைப் பறித்து 'ஆம்' போட்டு, கீழே என் முழுப் பெயரையும் பிளாக்டவுன் விலாசத்தையும் எழுதினேன். தொழில் என்ன, எந்த விசா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், நிரந்தர வதிவிடம் என்று பக்கத்தில் எழுதினேன்.

"டேய், நீ ஒரு உதவியும் செய்யேல்லையே. அது பொய்யெல்லோ?"

"பேனை என்ர, அண்ணை" என்றேன்.