சில்யேயின் இரண்டாம் கல்யாணத்தில் ஈவர் பேசியது

சில்யேயின் முதல் கல்யாணத்திலும் மாப்பிள்ளைத் தோழனாக எழுந்து பேசியவன் ஈவர்தான். அப்போது மாப்பிள்ளை மாட்டிஸ். இப்போது அஸ்லாக். மூன்று பையன்களும் வட நார்வேயில் ஒரே தீவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒன்றாகவே திரிந்தவர்கள். சில குளிர்காலங்களுக்கு முன்பு வலை போடப் போன மாட்டிஸ் கடலோடு போய்விட்டான். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

சில்யேவுக்கு விறகு பிளந்து கொடுக்கவும் கூரைப் பனியைத் தள்ளவும் போய் வந்துகொண்டிருந்த அஸ்லாக், மெல்ல மெல்ல அங்கேயே தங்கிப்போனான். தீவில் யாரும் தப்பாகப் பேசவில்லை. நல்லதுதான் என்றார்கள். ஈவரும் அப்படித்தான் சொன்னான்.

கல்யாணத்தன்று காலை அஸ்லாக் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு ஈவரின் சமையலறைக்கு வந்து நின்றான்.

"டேய், இன்னிக்கு அவன் பேர எடுக்காதடா."

"எவன் பேர?"

"தெரியாத மாதிரி கேக்காத. இத்தன வருஷம் அவ அழுதது போதும். இந்த ஒரு நாளாவது எங்களோடதா இருக்கட்டும்."

ஈவர் அவனுக்குக் காபி ஊற்றினான். "பேடர் மாமா வேற வர்றாரேடா."

"அவருக்காகவும்தான் சொல்றேன்."

பேடர் மாட்டிஸின் அப்பா. சில்யே நேரில் போய்க் கூப்பிட்டிருந்தாள்.

அஸ்லாக் போன பிறகு ஈவர் தன் பேச்சை எடுத்துப் பார்த்தான். அஸ்லாக்கைப் பற்றி எந்தக் கதையைத் தொட்டாலும் அதில் மூன்று பேர் இருந்தார்கள். பேனாவை எடுத்து ஒவ்வொரு இடத்திலும் ஒருவன் பெயரை அடித்தான்.

ஊர் மண்டபத்தில் ஆட்டுக்கறி விருந்து முடிந்ததும் அவனை அழைத்தார்கள். எழுந்து பேசினான். ஜனங்கள் சிரித்தார்கள். சின்ன வயதில் சொல்லாமல் கொள்ளாமல் படகை எடுத்துக்கொண்டு போன கதைக்கு வந்தான்.

"நடுக்கடல்ல பலகை விட்டுப்போச்சு. ஒரு துடுப்பு அஸ்லாக் கையில, இன்னொண்ணு என் கையில. முழங்கால் வரைக்கும் தண்ணி. அப்பவும் இந்த ஆளு பாட்டுப் பாடிக்கிட்டே வலிக்கிறான்…"

"தண்ணிய யாருப்பா இறைச்சது?"

கடைசி மேஜையிலிருந்து பேடரின் குரல். அதில் கோபமில்லை. கதையில் ஏதோ விட்டுப்போனது போலக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் துடுப்பு வலிச்சீங்க. அப்ப தண்ணிய யாரு இறைச்சது?"

அஸ்லாக் மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில்யே மட்டும் ஈவரை நேராகப் பார்த்தாள்.

"மாட்டிஸ்," என்றான் ஈவர். "மாட்டிஸ்தான் மாமா. பூட்ஸக் கழட்டி அதாலயே இறைச்சான். கரைக்கு வந்து பாத்தா ஒரு பூட்ஸக் காணோம். நீங்க அவன அடிச்சீங்க."

"அடிச்சேன்," என்றார் பேடர். "புது பூட்ஸு."

சில்யே சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முதல் கல்யாணத்தில் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். ஈவர் மீதிப் பேச்சை மடித்துப் பையில் வைத்தான். கோப்பையை உயர்த்தி மணமக்கள் பெயரை மட்டும் சொன்னான். எல்லோரும் எழுந்து குடித்தார்கள்.

கேக் வெட்டுமுன்பே பேடர் கிளம்பினார். அஸ்லாக் பின்னாலேயே ஓடினான். வெகுநேரம் திரும்பாததால் ஈவர் வெளியே போய்ப் பார்த்தான். கல்யாணக் கோட்டு தூறலில் நனைய அஸ்லாக் படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"அவள நல்லாப் பாத்துக்கோன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். சொல்லல. கடலுக்குப் போகாதடான்னாரு." அஸ்லாக் மூக்கை உறிஞ்சினான். "வேற என்ன வேலைடா தெரியும் எனக்கு?"

"என் மேல கோவமா?"

"இல்லடா. அவ சிரிச்சா, பாத்தியா?"

"பாத்தேன்."

"நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். ஒரு தடவகூட அப்படிச் சிரிச்சதில்ல."

உள்ளே விருந்தாளிகள் கரண்டியால் கோப்பைகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தமிட வேண்டும் என்று கூப்பிடும் சத்தம் அது. அஸ்லாக் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான்.