மான் வாய்த் தண்ணீர்

அது 1986. கனகசிங்கம் ரொறன்ரோ நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆள் சரிவருமா என்று வைத்துப் பார்க்கிற மூன்று மாதமும் அன்றோடு முடிகிறது. மேலாளர் பேர்ணடெற் என்ற பெண்மணி சரியென்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் வேலை தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளில் பார்த்து மனைவி கோணேஸ்வரி, "உங்களை யூனிபோமோட பாக்க வாறன்" என்றால் மனிசன் பயப்படாமல் என்ன செய்வார்?

"வாரும். ஆனா என்னைத் தெரிஞ்சமாதிரிக் காட்டிக்கொள்ளாதையும். டியூட்டியில கதைச்சா சீட்டுக் கிழிஞ்சிடும்."

"நான் ஏன் கதைக்கிறன்? உங்கட மூஞ்சியை வீட்டிலயே பாக்கிறன்தானே."

சொன்னபடியே வந்தாள். நீலக் கோட்டுக்குள் விறைப்பாக நின்ற கணவனை ஓரக்கண்ணால் பார்த்துப் பூரித்துப்போய், கூடத்துக்குள் போனாள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழைய முஸ்லிம் அரசர்கள் காலத்து வெண்கல மிருகங்கள். வாசனைப் புகை வர உடம்பெல்லாம் துளை போட்ட சிங்கம், கை கழுவத் தண்ணீர் ஊற்றும் மயில். ஒரு மான், ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயின் அரண்மனைத் தடாகத்தில் நின்றதாம். அசல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்து வார்த்த இன்னொரு மான் பெட்டிக்கு வெளியே கல் தொட்டியில் நின்று, வாயால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கோணேஸ்வரி என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றினாள். ஊரில் மாமாங்கேஸ்வரர் கோயிலில், அபிஷேகத் தண்ணீர் விழும் பசுமுகக் கோமுகிக்குக் கீழே ஏந்திப் பழகிய கைக்கு ஸ்பெயின் என்ன, ரொறன்ரோ என்ன? மிருகத்தின் வாயால் விழுந்தால் அது தீர்த்தம். கை நிறைய ஏந்திக் குடித்தாள், மிச்சத்தைத் தலையில் தெளித்தாள். 'ஆண்டவனே, இவருக்கு இந்த வேலை நிலைக்க வேணும்.'

நிமிர்ந்தால் எதிரே பேர்ணடெற். பக்கத்தில் கனகசிங்கம், முகத்தில் ஈயாடவில்லை.

இந்தப் பெண் யாரென்று மேலாளர் அவரைக் கேட்பது அரைகுறை ஆங்கிலத்திலும் அவளுக்கு விளங்கியது. மனிசனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு பதறியது. தெரியாதென்று சொல்லட்டும், யாரோ ஒருத்தியாகவே வெளியே போய்விடுகிறேன் என்று சுவரைப் பார்த்து நின்றாள்.

"மை வைஃப்" என்றார் கனகசிங்கம்.

பிறகு கோயில், தீர்த்தம் என்று ஏதோ திக்கித் திணறி விளக்கினார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கலியாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் இந்த மனிசன் அவளை இன்னாரென்று சொன்னதே இல்லை. பயமெல்லாம் போய், சந்தோசத்தில் அழுகை வந்தது.

பேர்ணடெற் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறையச் சொன்னாள்.

"பாசி பிடியாம இருக்கத் தண்ணிக்குள்ள மருந்து போட்டிருக்காம்" என்றார் கனகசிங்கம். "ஓடிப்போய் வாயைக் கொப்பளிக்கட்டாம்."

"வேலை?"

"திங்கக்கிழமை மானைச் சுத்திக் கயிறு கட்டட்டாம். நான்தான் கட்டவேணுமாம்."

அவளுக்கு மூச்சு வந்தது. "என்னைத் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். பிறகு ஆர் உம்மைக் கூட்டிக்கொண்டு போறது?"

டியூட்டி முடிய இன்னும் நேரம் கிடந்தது. கூடத்தில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, யூனிபோமோடு அவள் கையைப் பிடித்து, வாய் கொப்பளிக்க நடத்திக்கொண்டு போனார்.