ஐம்பதும் அறுபதும்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஓடி மறையும் எழுத்துகளைச் சங்கமித்ரா அதுவரை படித்ததே இல்லை. ரிப்பேர் பார்க்க வந்திருந்த நோயல் ஏதோ ஒரு கீயை அழுத்தி அதை நிறுத்திக் காட்டினான். மெமரி என்ற வரியில் 512 என்றிருந்தது. அதற்குக் கீழே ஸ்பீடு, 333.

"முன்னாடி இது நானூறு இருந்திருக்கும்க்கா. பழைய ரேம் மேல அப்டித்தான் போட்டிருக்கு. புதுசு சொருகுனதும் எறங்கிடுச்சி," என்றான்.

"பக்கத்துல ஒண்ணு சேத்தா வேகம் ஏறணும்தானே? எப்டி எறங்கும்?" என்று அவள் கணவன் நாகேஷ் கேட்டான். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்ததால் சுவரில் சாய்ந்தபடியே நின்றிருந்தான்.

"நீங்க வாங்கியாந்தது முந்நூத்தி முப்பத்திமூணுண்ணா. ரெண்டு பேர் ஒரே பெட்டிய தூக்கினு போனா, மெதுவா நடக்குறவன் ஸ்பீடுலதானே ரெண்டு பேரும் போவணும்? அதே கதைதான்."

நாகேஷுக்குப் புரிந்துவிட்டது. சிட்டி ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் பெட்டி தூக்கித்தான் அவன் முதுகு இந்த நிலைக்கு வந்திருந்தது. அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அவள் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கிறவள். நோயாளிக்கு எங்கே வலி, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் பேச்சாக வரும், எழுத்தாகத் திரும்பிப் போக வேண்டும். கம்பெனிக்குச் சிவாஜிநகரில் ஆபீஸ் இருந்த காலத்தில் யாருக்கும் பிடிபடாத ஃபைல் வந்தால் "மித்ராவைக் கூப்பிடு" என்பார்கள். காரோட்டிக்கொண்டே பேசும் டாக்டர், சாப்பிட்டுக்கொண்டே பேசும் டாக்டர், பாதி வார்த்தையை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் டாக்டர் என்று யாராக இருந்தாலும், அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் கேட்பாள், சொல்லிவிடுவாள். டிகிரி படித்த பெண்கள் அவள் நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள். அவள் பி.யு.சி.யோடு நின்றவள். ஒக்கலிபுரத்தில் பிறந்து, அம்மா வீட்டுவேலை செய்த காசில் பள்ளிக்குப் போனவள். தன்னிடம் ஏதாவது உசத்தியாக இருக்கிறது என்றால் அது இந்தக் காதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

ஆபீசை மூடிவிட்டு, வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றபோது, ஏதோ கம்பெனி கழித்துவிட்ட இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது. இந்த வருடம் ஃபைல் கேட்பதற்குப் புதிய சாஃப்ட்வேர் அனுப்பினார்கள். அதைப் போட்டதும் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியது. ரேம் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாகேஷ் அவளிடம் சொல்லாமலே, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தான். கடைக்காரன் தாளில் சுற்றிக் கொடுத்ததைச் சட்டைப்பையில் வைத்து, பஸ் முழுக்க அதைக் கையால் பொத்திக்கொண்டே வந்ததாகச் சொன்னான். வேகம் கூடினால் அவள் கூடுதல் ஃபைல் எடுப்பாள், அவன் மூட்டை தூக்குவதை விட்டுவிடலாம். அவன் முதுகைப் பார்த்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவர்கள் பேசிவைத்திருந்த ஒரே திட்டம் அது.

அதற்குப் பிறகுதான் தப்புகள் வந்தன. முதலில் ஒரு வார்த்தை இங்கே, ஒரு வார்த்தை அங்கே. பிறகு கம்பெனியிலிருந்து தர்ஷினி போன் செய்தாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், டாக்டர் சிக்ஸ்டி மில்லிகிராம்னு சொல்றாருங்க. நீங்க ஃபிஃப்டின்னு அடிச்சிருக்கீங்க. இது மருந்துங்க மேடம். இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

போனை வைத்த கையோடு அவள் நாகேஷிடம் திரும்பினாள். "யாரு உன்ன வாங்கியாரச் சொன்னா? கண்டதை வாங்கியாந்து சொருகி, ஓடிக்கினு இருந்ததையும் கெடுத்துட்ட. சத்தமே விட்டு விட்டு வருது." அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. மறுநாள்தான் அதே தெருவிலிருக்கும் நோயலைக் கூட்டி வந்தான். நோயல் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவன்.

நோயல் இரண்டு ரேமையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டான். 333. புதியதை மட்டும் போட்டான். 333. பழையதை மட்டும் போட்டான். 400. செட்டிங்கில் ஏற்ற முடியாதா என்று நாகேஷ் கேட்டதற்கு, "கம்பெனி செட்டுண்ணா இது. உள்ள எதையும் மாத்த விடமாட்டான், பூட்டி வெச்சிருக்கான்," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அக்கா, இவ்ளோ வித்தியாசத்துக்கெல்லாம் சத்தம் விட்டு விட்டு வராதுக்கா. நமக்குத் தெரியக்கூட தெரியாது," என்றான்.

"எனக்குத் தெரியுதே," என்றாள் அவள் சட்டென்று.

நாகேஷ் அந்த ரேமை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கடைக்காரன் முதலில் மாற்றித் தர மாட்டேன் என்றிருக்கிறான். "அவன் கடை முன்னாடியே நின்னுக்கினே இருந்தேன். வர்றவன் போறவன் எல்லாம் பாக்குறான். கடைசில, 'தகொண்டு ஹோகப்பா'ன்னு, எடுத்துக்கினு போப்பான்னு குடுத்துட்டான்," என்று சிரிக்கப் பார்த்தான். அவ்வளவு நேரம் நின்றதில் காலை மடக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தான்.

நோயல் மறுபடி வந்து மாட்டினான். கறுப்புத் திரை வந்தது. 512. ஸ்பீடு, 400.

"வந்துச்சிண்ணா!" என்றான் நோயல். நாகேஷ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தட்டினான்.

சங்கமித்ரா ஹெட்போனை மாட்டி, தர்ஷினி சொன்ன அந்த ஃபைலைத் திறந்து, ஃபைலை ஓட்டவும் நிறுத்தவும் காலடியிலிருந்த பெடலை மிதித்தாள். டாக்டரின் குரல் வந்தது. வயதான குரல். அந்த இடம் வந்ததும் பெடலை விட்டாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி மிதித்தாள். வார்த்தையின் நடுப்பகுதி இருந்தது. ஓரங்கள் இல்லை. ஈரத்தில் ஊறிப்போன பேப்பர் மாதிரி, அங்கே ஏதோ எழுதியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஃபிஃப்டியாகவும் இருக்கலாம், சிக்ஸ்டியாகவும் இருக்கலாம்.

"இன்னும் அப்டியேதான் இருக்குது நோயல்."

நோயல் நெற்றியைச் சுருக்கினான். தன் பையிலிருந்து வேறொரு ஹெட்போனை எடுத்துக் கொடுத்தான். அதிலும் அப்படியேதான் இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு, மகளின் பாட்டுப்பெட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவரச் சொல்லி அதில் மாட்டினான். டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தெளிவா சொல்றானேக்கா, சிக்ஸ்டின்னு," என்றான் நோயல்.

"எனக்கே கேக்குதே," என்றான் நாகேஷ். அவனுக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும்தான் தெரியும். "சிக்ஸ்டி. ஸ்ஸ்ஸுன்னு இழுக்குறான் பாரு."

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். பல் சேர்ந்து, உதடு விரிந்து, அந்த எழுத்து உருவாவதைப் பார்த்தாள். பல மாதங்களாகவே தான் எல்லோருடைய உதட்டையும் பார்த்துக்கொண்டுதான் பேசியிருக்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் திணறுவதற்கு முன்பே. ரேம் வாங்குவதற்கு முன்பே. மளிகைக்கடையில், பள்ளிக்கூடத்தில், மகள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் "திரும்பிச் சொல்லுடி" என்று எரிந்து விழுந்தபோதெல்லாம்.

"இன்னொரு வாட்டி போடட்டுமாக்கா?" நோயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம். கேக்குது," என்றாள். "ஹெட்போன்லதான் இன்னாவோ இருந்திருக்கு. இப்ப நல்லா கேக்குது."

நோயல் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான். வாசல்வரை போனவன் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, நாகேஷின் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "வரேங்க்கா," என்று மட்டும் சொன்னான்.

நாகேஷ் கட்டிலைப் பிடித்து எழுந்தான். "நான்தான் கெடுத்துட்டேன்னு நேத்தெல்லாம் மனசே சரியில்ல மித்ரா. கடைசில பார்த்தா ஒண்ணுமேயில்ல, மாத்துனா சரியாப் பூடுச்சி." சட்டையை மாட்டிக்கொண்டே பேசினான். "இப்பவே போயி பார்சல் ஆபீஸ் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அடுத்த வாரத்துலேர்ந்து வரலேன்னு. இன்னா?"

"போயிட்டு வா," என்றாள்.

அவன் சந்தில் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிவிட்டு, காது கேட்கிறதா என்று டாக்டர்கள் சோதிப்பதாக ஃபைல்களில் எத்தனையோ தடவை அடித்த மாதிரியே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காதோரம் வைத்துத் தேய்த்தாள். இடது காதுக்கு மாற்றித் தேய்த்தாள். தோலோடு தோல் உரசுவது விரலுக்குத் தெரிந்தது. இன்னும் கிட்டே வைத்து, இன்னும் வேகமாகத் தேய்த்தாள். விரல்நுனி சூடாகிக்கொண்டே வந்தது.