என் பெயரில் ஒரு கோப்பு

வெண்ணிலா வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சேதராப்பட்டில் நாங்கள் வேலை பார்க்கும் சோப்புக் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருடம். ஆனாலும் மேனேஜர் அரிகரன் சார் சிஸ்டம் ரூமுக்குள் தலையை நீட்டினால் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மாதக் கடைசியில் ரூமுக்கு ஒரு இன்சார்ஜ் போடப் போகிறார்கள். அது எனக்கு வராவிட்டால், செல்லிப்பட்டிலிருந்து நேற்று வந்த பெண்ணிடம் நான் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

அன்று காலை, பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் ஏற்றும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். அப்கிரேடு பாதியில் நின்றது. புது சாஃப்ட்வேர், பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராமின் புது வெர்ஷனைக் கேட்கிறது. கம்ப்யூட்டரோ பழசை விடமாட்டேன் என்கிறது. உடைந்த சாஃப்ட்வேர் பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது.

பிடித்து வைத்தவள் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் வந்த புது டிரைவர் லேபிளைக் கோணலாக அடித்தது. பழையதை மாற்றாதே என்று ஒரு சின்னக் கோப்பு எழுதிப் போட்டேன். இப்போது வாயைத் திறந்தால் ஐந்து நிமிட வேலை. நான் திறக்கவில்லை. அவள் திணறுவதைப் பார்க்கப் பார்க்க வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"இன்னாக்கா இது, இன்னா பண்ணாலும் அதே எர்ரர் வருது?"

"எனுக்கு இன்னாடி தெரியும்? நீதான பெரிய படிப்பு படிச்சவ."

டிரைவரை மட்டும் தனியாக ஏற்றிப் பார்த்தாள். நடக்கவில்லை. லேபிள் இல்லாமல் பெட்டிகள் ஏறாததால் பதினொன்றரைக்கு லாரிக்காரர் வெளியே சத்தம் போட, சார் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் முகம் கடுகடுத்ததைப் பார்க்க எனக்கு இனித்தது.

அப்போதுதான் அவள் செட்டிங் ஃபோல்டரைத் திறந்தாள். கோவில் டியூப் லைட்டில் உபயம் எழுதுவது போல அந்தக் கோப்புக்கு நான் என் பெயரையே வைத்திருந்தேன். உள்ளே, லேபிள் கோணல் என்று காரணமும் எழுதியிருந்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. கோப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். ஏறியது. சோதனை லேபிள் நேராகவே வந்தது. அந்தக் கோணலை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள் போலும்.

"இத்த யாரு புடிச்சி வெச்சது?" என்றார் சார்.

"மஞ்சுளாக்கா சார். அப்ப டிரைவர் சரியில்ல. அக்கா புடிச்சி வெக்கலன்னா லேபிளு கோணலாத்தான் வந்திருக்கும். இப்பகூட நீங்க வரதுக்கு முன்னாடி வழி சொன்னது அக்காதான்."

சாருக்கு முகம் மலர்ந்தது. "அனுபவம்னா அனுபவம்தாம்மா. இன்சார்ஜ் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்கப் போனார்.

ஒன்பது வருடமாக நான் காத்திருந்தது. அதை அவள் எடுத்து என் கையில் கொடுத்திருந்தாள். சார் தலை மறைந்ததும் கேட்டேன்.

"ஏன்டி அப்படி சொன்ன?"

"உங்களுக்கு அது வேணும்னு தெரியுதுக்கா. எனுக்கு எதுக்கு? அடுத்த மாசம் பெங்களூர்ல சேரறேன். இத்தவிட பெரிய வேல."

அந்த நிமிடமே இன்சார்ஜ் பதவி எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.